இயல்மொழியும் ஏவலும்: முகிற் கணிமை குறித்த ஒரு விமர்சன நோக்கு

தமிழில் ஏவல்வினை மிகச் சுருங்கிய வடிவினை உடையது. ‘வா’, ‘கொடு’, ‘நீக்கு’ என வினையடியே தனித்து நின்று ஏவலாகி விடுகின்றது. எதைக் கொடுப்பது, எங்கிருந்து நீக்குவது, எவ்வளவு நீக்குவது என்பவற்றை அச்சொல் கூறுவதில்லை. ஏவுவோரும் ஏவப்படுவோரும் ஒரே சூழலில் நிற்கின்றனர் என்னும் எடுகோளே அவ்விடைவெளிகளை நிரப்புகின்றது. அடுக்களையில் நின்று ‘அதை எடு’ என்று தாய் கூறினால் மகள் அகப்பையை எடுத்து நீட்டுவாளேயன்றி அம்மியைத் தூக்க முற்படமாட்டாள். சொல்லில் இல்லாத பொருள் சூழலில் இருக்கின்றது.

இவ்வாறான ஏவல் இன்று இயந்திரத்தை நோக்கியும் எழத் தொடங்கியுள்ளது. மேசைமீதிருக்கும் ஒரு கணினியை நோக்கியன்று. கண்ணுக்கெட்டாத தொலைவில், வேறொரு நாட்டின் கட்டடமொன்றினுள் அடுக்கப்பட்டிருக்கும் பெருந்தொகையான சேவையகங்களை நோக்கி. செயற்கை நுண்ணறிவு உதவியாளன் ஒன்றினை முகில் உட்கட்டமைப்போடு இணைத்து, அன்றாட மொழியிலேயே அதனை முகாமை செய்யும் முறை 2024ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் விரைந்து பரவி வருகின்றது. இதனைப் பொறியியலாளரின் வசதி பற்றிய செய்தியாக மட்டும் கொள்ளுதல் போதாது. சொல்லுக்கும் பொருளுக்கும் செயலுக்கும் இடையிலான தொடர்பு பற்றிய பழைய வினாவொன்று புதிய களத்தில் எழுந்துள்ளது என்ற வகையில், மொழியைப் பயில்வோர் நோக்குதற்குரிய பொருளும் இதுவேயாகும்.

‘முகில்’ என்னும் சொல்லே முதலில் ஐயத்துக்குரியது. எடையற்றதும் யாருக்கும் உரிமையற்றதுமான ஒன்றை அது நினைவூட்டுகின்றது. உண்மையில் அது கொங்கிறீற்றுக் கட்டடங்களும் மின்வடங்களும் குளிரூட்டிகளும் ஆகும். ஒரு சில பெருநிறுவனங்களின் உடைமையுமாகும். அமேசன் நிறுவனம் 2006 மார்ச்சில் தரவுச் சேமிப்பினை வாடகைக்கு விடும் எஸ்-3 சேவையையும், அதே ஆண்டு ஓகஸ்ற்றில் கணினிகளையே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஈ.சி.-2 சேவையையும் தொடங்கியது. அதற்கு முன்னர் ஒரு நிறுவனத்துக்குச் சேவையகம் தேவையெனின் அதனை வாங்கவேண்டும். பெட்டி வந்து சேரவேண்டும். ஒருவர் அதனை நிலைநிறுத்தி மின் இணைக்கவேண்டும். அதன்பின்னரோ ஒரு கட்டளையாலேயே சேவையகம் தோன்றவும் மறையவும் தலைப்பட்டது. செயலின் கனம் சொல்லுக்கு மாறிய தருணம் இது. வாடகைக்கு எடுத்த நூறு இயந்திரங்களை அழிப்பதற்கு இப்போது தேவைப்படுவது ஒரு வரி எழுத்து மட்டுமே.

இக்கனத்தை உணர்ந்தே தொழில்துறை தனக்கென ஒரு எழுத்து மரபினை வகுத்துக்கொண்டது. 2014ஆம் ஆண்டு ஹாஷிகோர்ப் நிறுவனம் வெளியிட்ட ‘ரெராபோம்’ அம்மரபின் நன்கறியப்பட்ட வடிவம். அதிற் பொறியியலாளர் ‘இதைச் செய், அதைச் செய்’ என ஏவுவதில்லை. இறுதியில் எவையெவை இருக்கவேண்டும் என்பதை வரையறுத்த தொடர்களில் எழுதிவைக்கின்றார்: இத்தனை சேவையகங்கள், இன்ன அளவின, இன்ன வலைப்பின்னலில், இன்னாருக்கு மட்டும் திறந்த வாயில். கருவியானது அவ்வெழுத்தையும் தான் அறிந்த உண்மை நிலையையும் ஒப்பிட்டு, எது சேர்க்கப்படும், எது மாற்றப்படும், எது அழிக்கப்படும் என்று ஒரு ‘பிளான்’ காட்டும். அதைப் படித்து உடன்பட்ட பின்னரே ‘அப்ளை’ என்னும் கட்டளை செயலாகும். எழுத்துத் தொகுப்பு முழுவதும் ‘கிற்’ போன்ற ஏட்டுப் பெட்டகத்தில் வைக்கப்படுகின்றது. யார், எப்போது, எந்த வரியை ஏன் மாற்றினார் என்பது அங்கே பதிவாகின்றது. மற்றொருவர் வாசித்து மறுப்பெழுதவும் இடமுண்டு. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே வாசிக்கத்தக்க பனுவல் ஒன்று இருத்தப்பட்டது என்பதே இம்மரபின் சாரம். விரைவு, சிக்கனம் என்று அதன் விற்பனையாளர் கூறும் ஏனைய சிறப்புகளெல்லாம் இதற்கு அடுத்தனவே.

புதிய முறை இப்பனுவலின் இடத்தையே தொடுகின்றது. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் ‘மொடல் கொன்ரெக்ஸ்ற் புரொட்டொகோல்’ என்னும் நெறிமுறையைத் திறந்த நியமமாக வெளியிட்டது. மொழி மாதிரியொன்று வெளியுலகக் கருவிகளைப் பொது முறையில் அறிந்து பயன்படுத்துவதற்கான உடன்படிக்கை அது. 2025ஆம் ஆண்டில் ஓப்பின் ஏ.ஐ. உள்ளிட்ட போட்டி நிறுவனங்களும் அதனை ஏற்றன. அமேசன் முதலான முகில் நிறுவனங்கள் தத்தம் சேவைகளுக்கான இணைப்புகளை அம்முறையில் வெளியிட்டன. செயற்படும் விதம் சிக்கலானதன்று. சேவையகத்தைத் தோற்றுவித்தல், பதிவேடுகளை வாசித்தல், கட்டணத்தைக் கணக்கிடல் என ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், அதன் பயனை விளக்கும் சில வாக்கியங்களும், அது வேண்டும் உள்ளீடுகளின் பட்டியலும் உதவியாளனுக்குக் கொடுக்கப்படுகின்றன. பயனர் ஒரு வாக்கியத்தை எழுதுகின்றார். உதவியாளன் அவ்வாக்கியத்தையும் கருவிகளின் விளக்கங்களையும் ஒருங்கு வைத்து, எக்கருவியை எவ்வுள்ளீட்டோடு அழைப்பது என்று தெரிகின்றது. விளைவைப் படித்து அடுத்த அடியை வைக்கின்றது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கருவியின் விளக்கமும் இயல்மொழியே. பதிவேட்டில் அது படிக்கும் வரியும் இயல்மொழியாக இருக்கலாம். ஆணை எது, செய்தி எது என்ற வேறுபாடு வடிவத்தில் இல்லை. மாதிரியின் விளக்கத்திலேயே உண்டு. ஆகவே பதிவேட்டினுள் வஞ்சகமாக எழுதிவைக்கப்பட்ட ஒரு வாக்கியம் ஆணையாகப் படிக்கப்படும் ஆபத்து இம்முறையின் அடிப்படையிலேயே உள்ளது. 2022ஆம் ஆண்டு முதல் இது ‘புரொம்ற் இன்ஜெக்ஷன்’ என்னும் பெயரால் அறியப்படுகின்றது.

இவ்வாய்ப்பினை வரவேற்போரின் வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. முகிற் சேவைகள் நூற்றுக்கணக்கிற் பெருகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை, தனித்தனி அளவுரு, தனித்தனி விதிவிலக்கு. ஒரு பல்கலைக்கழகம் தன் பரீட்சைப் பெறுபேறுகளை இணையத்தில் வெளியிடும் நாளில் தளம் தடுமாறுகின்றது எனக் கொள்ளலாம். தடையின் மூலத்தைக் காண ஐந்தாறு இடங்களில் உள்ள பதிவேடுகளை ஒப்பிடவேண்டும். அனுபவமுள்ளவருக்கே அது மணிக்கணக்கில் நீளும். ‘கடந்த ஒரு மணித்தியாலத்தில் தளம் ஏன் மந்தமடைந்தது?’ என்று வினவியதும் உதவியாளன் அவற்றையெல்லாம் திரட்டி, தரவுத்தளத்தின் இணைப்பெண்ணிக்கை எல்லையை எட்டிவிட்டது என்று சில நிமிடங்களிற் சுட்டிக்காட்டுமாயின் அது மெய்யான நன்மையே. இதனை மறுப்பது கல்வியுலகுக்குரிய மிடுக்காக இருக்கலாம், விமர்சனமாகாது.

மறுப்புரைகளுள் மூத்ததும் கூர்மையானதும் நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுடையது. இயல்மொழியில் நிரல் எழுதுதலின் மடமை பற்றி 1970களின் பிற்பகுதியில் அவர் எழுதிய, 667 என இலக்கமிடப்பட்ட குறிப்பு இன்றும் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. குறியீட்டு மொழியைக் கற்கவேண்டியிருப்பதைச் சுமையாகக் கருதுவோரை நோக்கி, அதனைச் சலுகையாகக் கருதவேண்டும் என அவர் வாதிட்டார். கிரேக்கக் கணிதம் சொல்லிலும் வரைபடத்திலும் தங்கியிருந்தமையாலேயே தேங்கிற்று. வியேற்றா, டெக்காட், லைப்னிற்ஸ், பூல் ஆகியோர் வகுத்த குறியீடுகளாலேயே முன்னர் மேதைகளுக்கு மட்டும் எட்டியவை பின்னர் பள்ளி மாணவருக்கும் எட்டின என்பது அவர் கூற்று. இயல்மொழியின் இயல்பான தன்மை என்பது, பொருளற்ற கூற்றுகளையும் பொருளுள்ளன போலத் தோன்றச்செய்யும் எளிமையே என்னும் கருத்தும் அதில் உண்டு.

டைக்ஸ்ட்ராவின் வாதம் அரை உண்மை. அவர் கண்முன் கொண்டது தனியொரு கணிதவியலாளர் தன் சிந்தனையைத் தானே நிரலாக்கும் நிலை. உட்கட்டமைப்பு முகாமைத்துவமோ அத்தகையதன்று. அங்கு நோக்கம் எப்போதும் இயல்மொழியிலேயே பிறக்கின்றது. ‘செலவைக் குறைக்கவேண்டும்’, ‘வெளியார் புகாதபடி செய்யுங்கள்’ என்று யாரோ ஓர் அதிகாரி கூற, பொறியியலாளர் அதனைக் குறியீட்டு மொழிக்குப் பெயர்த்து வந்தார். ஐயம் அங்கும் இருந்தது. அது தீர்க்கப்பட்ட இடம் பொறியியலாளரின் மனமும் அவர் அதிகாரியிடம் திரும்பிக் கேட்ட கேள்விகளும் ஆகும். புதிய உதவியாளன் ஐயத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. ஐயத்தைத் தீர்க்கும் பணியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டுள்ளது. ஆகவே இயல்மொழி கட்டளைக்குத் தகுமா தகாதா என்பதன்று வினா. ஐயத்தை யார் தீர்க்கின்றார், தீர்த்த விதம் எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்பதே வினா.

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபு நினைவுக்கு வருதல் இயல்பே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுக்கின்றது. ஒன்று வினையால் வேறுபடுவது. மற்றது வினையால் வேறுபடாதது. முன்னையதன் பொருளை உடன்வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் அறிந்துகொள்ளலாம். பின்னையதைக் கிளந்தே, அதாவது வெளிப்படக் கூறியே ஆளவேண்டும். ‘மா’ என்னும் சொல்லை வைத்து இதனை விளக்குவர். ‘மா பூத்தது’ எனின் மரம் என்பது தெளிவு. ‘மா வீழ்ந்தது’ எனின் மரமும் வீழும், விலங்கும் வீழும். அங்கே ‘மாமரம்’ என்றோ ‘விலங்குமா’ என்றோ சொல்லியாகவேண்டும். ஐயம் தானே தீரும் இடத்தையும், பேசுவோர் முயன்று தீர்க்கவேண்டிய இடத்தையும் பிரித்தறிந்தமையே இந்நூற்பாக்களின் நுண்மை.

முகிலை நோக்கிய ஏவல்களில் இவ்விருவகையும் உள. ‘சோதனைக்கான சேவையகத்தின் கட்டணத்தைக் காட்டு’ என்பது முதல் வகை. தவறாகப் பொருள்கொண்டாலும் வேறொரு சேவையகத்தின் கட்டணம் காட்டப்படும். கேட்டவர் சிரித்துவிட்டுத் திருத்துவார். ‘பழைய சேவையகங்களை நீக்கிவிடு’ என்பதோ இரண்டாம் வகை. ‘பழைய’ என்பது தோற்றுவித்த நாளாற் பழையதா, மென்பொருட் பதிப்பாற் பழையதா, பாவனையற்றுப் போனதா? ‘நீக்கு’ என்பது யாது? அமேசனின் ஈ.சி.-2 சேவையில் ஓர் இயந்திரத்தை இயங்காமற் செய்துவைத்தல் வேறு. முற்றாக முடித்துவிடல் வேறு. முன்னையதில் வட்டு எஞ்சும்; பின்னையதில், வேறாக ஒழுங்கு செய்யாதவிடத்து, மூல வட்டும் உடன் அழியும். தமிழில் ஏவுவோருக்கு மேலுமொரு சங்கடம் உண்டு. ‘வண்டியை நிறுத்து’ என்பதில் ‘நிறுத்து’ ஓட்டத்தை ஒழிப்பது. ‘வாயிலிற் காவலாளியை நிறுத்து’ என்பதில் அதே சொல் ஒருவரைப் புதிதாக நிலைகொள்ளச் செய்வது. ‘வாயிலில் ஒரு சேவையகத்தை நிறுத்து’ என்றால் உதவியாளன் என்ன செய்யும்? தொல்காப்பியர் பெயரின் ஐயத்தை வினை தீர்க்கக் காட்டினார். இங்கோ வினையே ஐயத்துக்குரியதாகி விடுகின்றது.

கணினித்துறையின் சொந்த வரலாற்றிலேயே இதற்கொரு முன்மாதிரி இருந்தமை பலராலும் மறக்கப்பட்டுவிட்டது. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ரெறி வினோகிராட் 1968 முதல் 1970 வரை ‘ஷ்ருட்லு’ என்னும் நிரலை ஆக்கினார். திரையில் வரையப்பட்ட ஒரு மேசை. அதன்மீது பல நிறக் கட்டைகள், கூம்பகங்கள், ஒரு பெட்டி. ஆங்கில வாக்கியத்தால் ஏவினால் நிரல் அவற்றை எடுத்து அடுக்கும். அதன் புகழ்பெற்ற உரையாடற் பதிவில் இரண்டு இடங்கள் இன்று மீண்டும் படிக்கத்தக்கன. கூம்பகத்தைப் பற்றுமாறு ஏவியதும், மேசையிற் கூம்பகங்கள் பல இருந்தமையால், எக்கூம்பகத்தைக் கருதுகின்றீர் என விளங்கவில்லை என்று அது பதிலிறுத்தது. மற்றோரிடத்தில், ‘அது’ என்னும் சுட்டுப்பெயர் இரு கட்டைகளுள் எதனையும் குறிக்கக்கூடியதாயிருந்தபோது, தான் எதனைக் கொண்டது என்பதை முன்னறிவித்துவிட்டே செயற்பட்டது. அறியாதவிடத்து வினவுதல், துணிந்தவிடத்துத் துணிவை வெளிப்படுத்தல். அது மட்டுமன்று, ஒரு செயலை ஏன் செய்தாய் என்று கேட்டால், தன் முந்திய அடிகளிலிருந்தே அதற்கு விடை கூறவும் வல்லதாயிருந்தது.

ஷ்ருட்லுவின் உலகம் ஒரு மேசையளவே என்பது உண்மை. அதன் முறையை மேசைக்கு அப்பால் விரிக்க இயலாமற் போயிற்று. வினோகிராட் தாமே பின்னர் நிலைமாறினார். பெர்னாண்டோ புளோறெஸ் என்பவருடன் சேர்ந்து 1986ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மொழி என்பது உலகைப் பற்றிய செய்திகளின் தொகுதியன்று, மனிதர் ஒருவருக்கொருவர் கடப்பாடு பூணும் செயல் என்ற நிலைக்கு அவர் வந்தார். கடப்பாடு பூண இயலாத இயந்திரம் மொழியை விளங்கிக்கொள்கின்றது என்று கூறுதல் பொருந்தாது என்பது அந்நூலின் கருத்து. இன்றைய மாதிரிகளின் திறனை அவர் அன்று எதிர்பார்த்திருக்கமாட்டார். ஆயினும் அவர் எழுப்பிய பொறுப்புப் பற்றிய வினாவுக்குத் திறன் விடையாகாது. இன்றைய உதவியாளன் ஷ்ருட்லுவைக் காட்டிலும் அளவிடற்கரிய அளவு கற்றது. ஆனால் வினவுதல் அதன் அமைப்பின் கட்டாயமன்று, பழக்கம் மட்டுமே. சரளம் அதிகரிக்க, தடுமாற்றம் வெளியே தெரிவது குறைகின்றது. தடுமாறாத பணியாளனிடம் எவரும் திரும்பிக் கேட்பதில்லை. ஒரே வாக்கியத்தை இருமுறை கொடுத்தால் இரு வேறு வழிகளை அது தெரியக்கூடும் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

குறியீட்டு மொழியின் ஆதரவாளருக்கு வரலாறு முழுவதும் துணைநிற்கவில்லை. 2017 ஜனவரி 31ஆம் நாள் கிற்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் துணைச் சேவையகத்தின் தரவுக் கோவையை அழிப்பதாக எண்ணி, முதன்மைச் சேவையகத்தில் அக்கட்டளையை இட்டார். கணப்பொழுதில் உணர்ந்து நிறுத்தியபோது ஏறத்தாழ 300 கிகாபைற்றில் 4.5 கிகாபைற்றே எஞ்சியிருந்தது. கட்டளையில் எழுத்துப் பிழை ஏதுமில்லை. ‘இங்கு’ என்று அவர் நினைத்த இடமே பிழை. அதே ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள், அமேசனின் எஸ்-3 சேவையில், கட்டணத் தொகுதியின் கோளாறொன்றை ஆராய்ந்துகொண்டிருந்த ஊழியர், சில சேவையகங்களை மட்டும் விலக்கும் நோக்கில், வழமையான கையேட்டின்படியே ஒரு கட்டளையை இட்டார். உள்ளீடொன்று தவறியது. கருதியதிலும் மிகப் பெருந்தொகையான சேவையகங்கள் விலக்கப்பட்டன. வட வேர்ஜினியாவின் அச்சேவை நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தடைப்பட, அமெரிக்க இணையத்தின் பெரும்பகுதி தத்தளித்தது. சேவையின் நலத்தை அறிவிக்கவேண்டிய பலகையே எஸ்-3இற் தங்கியிருந்தமையால் அதனையும் திருத்த முடியவில்லை என்பது அந்நிகழ்வின் நகைச்சுவை.

நிகழ்ந்ததன் பின்னர் அமேசன் செய்தது கவனத்துக்குரியது. கட்டளையின் மொழியை அது திருத்தவில்லை. கருவியையே திருத்தியது: ஒரே வீச்சில் அதிகம் விலக்காதபடி வேகத்தைக் குறைத்தது, எத்தொகுதியும் குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே இறங்கும்படியான கட்டளையை மறுக்கச் செய்தது. ஏவுவோர் தவறுவர் என்பதை ஏற்று, ஏவலின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய தீர்வு இது. வேறோர் உதாரணம் இதற்கு மறுதலையாக அமைகின்றது. 2025 ஜூலையில் ‘ரெப்ளிற்’ என்னும் தளத்தில் ஒரு பயனர் செயற்கை நுண்ணறிவு முகவனைக் கொண்டு செயலியொன்றை அமைத்துவந்தார். மாற்றம் எதுவும் செய்யவேண்டாம் என்று சொற்களால் தடையிட்டிருந்தும், 1,200க்கு மேற்பட்ட நிறுவனத் தலைவர்களின் விபரம் அடங்கிய உயிர்ப்பான தரவுத்தளத்தை அம்முகவன் அழித்துவிட்டது. மீட்க வழியில்லை எனவும் அது கூறியது. பின்னர் மீட்க முடிந்தது. தளத்தின் தலைமை பகிரங்கமாக மன்னிப்புக் கோரி, ஆக்கநிலைத் தரவுத்தளமும் உயிர்ப்பான தரவுத்தளமும் தாமாகவே பிரிந்திருக்கும்படி அமைப்பை மாற்றுவதாக அறிவித்தது. இயல்மொழியில் இடப்பட்ட தடை வேண்டுகோளே அன்றிப் பூட்டன்று. சாவியைக் கையிற் கொடுத்துவிட்டு, திறக்காதே என்று சொல்லிச் செல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

எனவே முகிலை வாசிக்கும் அதிகாரமும் மாற்றும் அதிகாரமும் உதவியாளனுக்கு ஒரே கணக்கில் வழங்கப்படலாகாது. முகில் நிறுவனங்களின் அனுமதி முறைமைகள் இப்பிரிவினையை ஏற்கனவே கொண்டுள்ளன. வாசிப்புக்கு மட்டுமான அனுமதியுடன் இணைத்தல் அரிய வேலையன்று. மாற்றம் வேண்டுமிடத்து உதவியாளன் நேரே செயற்படாது, ரெராபோம் போன்ற மொழியிலே பனுவலை எழுதித் தரலாம். அது வாசிக்கப்படும், பிளான் பார்க்கப்படும், பின்னரே நடைமுறையாகும். அப்போது ‘பழைய’ என்பதற்கு அது கொண்ட பொருள் இன்னது என்பது எழுத்திலே, பெயர் பெயராக, கண்முன் நிற்கும். உதவியாளனை ஏவலாளனாக அன்றி உரையாசிரியனாக வைத்துக்கொள்ளும் முறை இது. உரையாசிரியர் பிழைப்பதுண்டு, ஆனால் அவர் கொண்ட பொருள் மூலத்தின் அருகே எழுதப்பட்டிருப்பதால் மறுக்கத்தக்கதாகின்றது. உரைவேறுபாடு என்பதொன்று தோன்ற இடமிருப்பதே இதனால்தான்.

நடைமுறையில் இது எப்போதும் கைக்கொள்ளப்படுவதில்லை என்பதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. இயல்மொழி இடைமுகத்தை வழங்கும் நிறுவனங்களுட் சில, முகிலை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் நிறுவனங்களுமாகும். ‘தளத்தை வேகப்படுத்து’ என்னும் வாக்கியத்தைத் தரவுத்தள வினாவொன்றைத் திருத்தியும் நிறைவேற்றலாம். இருமடங்கு பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தும் நிறைவேற்றலாம். இரண்டாவது எளிது, உடனடியானது, பிழையற்றது. மாத இறுதிக் கட்டணத்திலே மட்டும் தெரிவது. இதிற் சூது உண்டென்று கூறவேண்டியதில்லை. ஐயத்தின் பலன் இயல்பாகவே எத்திசையிற் சாய்கின்றது என்பதை மட்டும் கண்டால் போதும்.

‘எவரும் தம் தாய்மொழியிலேயே கணினியை ஆளலாம்’ என்ற வாக்குறுதியைத் தமிழ்ப் பயனர் நோக்கில் அளந்துபார்த்தலும் தகும். மொழி மாதிரிகள் வாக்கியத்தைச் சொல்லாக அன்றித் துணுக்குகளாகவே படிக்கின்றன, கட்டணமும் துணுக்கின்படியே. 2024 மே மாதத்தில் ஓப்பின் ஏ.ஐ. நிறுவனம் தன் புதிய மாதிரியை அறிமுகஞ் செய்தபோது தானே வெளியிட்ட ஒப்பீட்டின்படி, ஒரே கருத்துடைய பகுதியொன்று ஆங்கிலத்தில் முன்னர் 27 துணுக்குகளாகவும் தமிழில் 116 துணுக்குகளாகவும் இருந்தது. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. முன்னேற்றம் பெரிது. ஆயினும் துணுக்கின் எண்ணிக்கை குறைந்ததனால் மட்டும் முகில் தமிழறிந்ததாகிவிடாது. கருவிகளின் பெயர், அவற்றின் விளக்கம், சேவையகங்களுக்குப் பொறியியலாளர் சூட்டிய குறிப்பெயர்கள், பிழைச் செய்திகள் யாவும் ஆங்கிலமே. தமிழ் வாக்கியம் வாயிலில் நுழைந்ததும் உள்ளே ஆங்கிலமாகவே உலவுகின்றது. ‘நிறுத்து’ எந்த ஆங்கில வினையாகப் பெயர்க்கப்பட்டது என்பதைத் தமிழ் மட்டும் அறிந்தவர் காண வழியில்லை. ஐயம் இருமுறை தீர்க்கப்படுகின்றது. இரண்டும் அவர் கண்ணுக்குப் புறம்பே.

இந்நிலை தமிழருக்கு மட்டும் உரியதுமன்று. 1959ஆம் ஆண்டு கோபோல் மொழி வகுக்கப்பட்டபோதும், வணிக முகாமையாளர் படித்தறியத்தக்க ஆங்கிலச் சொற்களால் நிரல் அமைய வேண்டும் என்பதே இலக்காயிருந்தது. கிறேஸ் ஹொப்பரின் முந்திய முயற்சிகள் அதற்கு வழிவகுத்தன. சொற்கள் ஆங்கிலமாயின, ஆனால் முகாமையாளர் நிரலைப் படிக்கத் தொடங்கவில்லை. கோபோல் அறிந்த தொழில்வல்லார் என்னும் புதிய வகுப்பே தோன்றிற்று. இம்முறை அவ்வாறன்று என்பது உண்மை. முகாமையாளர் எழுதவே தொடங்கிவிட்டார். வாசிப்புத்தான் இடைவழியிற் கைவிடப்படுகின்றது.

அனுமதி கேட்கும் முறையும் இதனால் மெலிகின்றது. பெரும்பாலான உதவியாளன்கள் மாற்றமொன்றைச் செய்யுமுன் பயனரிடம் இசைவு வேண்டும் வசதியை உடையன. பிளானில் இருபது வரிகள். அவற்றுள் ஒன்றில் ‘அழிக்கப்பட்டு மீள ஆக்கப்படும்’ என்ற குறிப்பு. தரவுத்தளமொன்றின் பெயரை மாற்ற முனைந்தாலே அது அழித்து மீள ஆக்கப்படும் நிலை சில சேவைகளில் உண்டு என்பதை அறிந்தவர் அவ்வரியிற் கண்ணை நிறுத்துவார். அவ்வறிவு அவருக்கு வந்தது பல ஆண்டுகள் அப்பனுவலைத் தாமே எழுதிப் பிழைத்ததனால். இன்று தொழிலுக்குள் நுழையும் பட்டதாரியோ எழுதும் பயிற்சியை உதவியாளனிடம் விட்டுவிட்டு, இசைவு வழங்கும் இடத்தில் முதல் நாளே அமர்த்தப்படுகின்றார். நாற்பதாவது முறையாக ‘இசைவு’ என்னும் பொத்தானை அவர் அழுத்தும்போது, திரையில் இருக்கும் இருபது வரிகளை வாசித்தாரா என்பதைப் பெட்டகத்தின் எப்பதிவும் காட்டாது. அவருடைய பெயரும் அழுத்திய நேரமும் மட்டும் அங்கே தெளிவாக இருக்கும்.